அதே வீட்டிலதான் இருப்பீங்களாக்கா?

மலேசியாவில், எங்கள் ஜொகூரில் ஸ்டீரிங் லாக் வாங்குகிறவர்கள் எல்லோரும் கார் திருட்டுக்குப் பயந்து வாங்குவதில்லை. ஒரு கை நீள இரும்புத் தடி அது, முனையில் கொக்கி. எவனாவது வண்டியைக் குறுக்கே நிறுத்திச் சண்டைக்கு இறங்கி வந்தால், நாமும் அதை எடுத்துக்கொண்டு இறங்கலாம். என் காரிலும் ஒன்று உண்டு. பக்கத்து சீட்டின் காலடியில் கிடக்கும். எனக்குக் கோபம் முதலில் கைக்குத்தான் வரும், அப்புறம்தான் வாய்க்கு. தெப்ராவ் தொழிற்சாலையில் அதை அடக்கிக்கொண்டே பல வருஷத்தை ஓட்டினேன்.

வேலையை விட்டதும் மாடி அறையைத் தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விடத் தொடங்கினேன். சிங்கப்பூரில் தங்கினால் சொத்தை விற்க வேண்டும். எங்கள் பக்கம் தங்கி, பஸ்ஸில் கடற்பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கையைக் கடிக்காது. போனிலேயே திட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன். குக்கர் தூக்கி வராதீர்கள், என் அடுப்பு இருக்கிறது. துணி வாங்கத் தங்காக் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள், உங்கள் ஊரிலேயே மலிவு. கோத்தா திங்கி அருவிக்கு மழைக்காலத்தில் வேண்டாம், வெள்ளம் வீட்டுக்குள் வருகிற ஊர் அது. முக்கியமாக, வேலை நாளில் விடிகாலையில் பாலத்துப் பக்கமே போகாதீர்கள்.

இதை மட்டும் யாரும் நம்புவதில்லை. திருப்பதிக்குப் போகிற மாதிரி, நேரத்தோடு போனால் கூட்டம் இருக்காது என்று நினைத்துக்கொள்வார்கள். விடிகாலையில் பாதி ஊர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறது. அந்த நேரத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசையில் முழங்கைதான் பேசும்.

அந்தப் பெண் மாதக்கணக்கில் எனக்கு போன் பண்ணினாள். கல்யாணமாகிச் சில வருஷம், இன்னும் பிள்ளை இல்லை, புருஷனோடு முதல் வெளிநாட்டுப் பயணம். மலிவு டிக்கெட், சிம் கார்டு, இட்லி மாவு, அருவிக்கு வழி என்று எல்லாவற்றையும் கேட்பாள். முடிக்கும்போது மட்டும் ஒரே கேள்வி: "நீங்க அதே வீட்டிலதான் இருப்பீங்களாக்கா?" மற்றவர்கள் நேர் எதிர், வீட்டுக்காரி கீழே இருந்தால் முகம் சுளிப்பார்கள். பாவம், பயந்த சுபாவம் என்று நினைத்தேன்.

"இருப்பேன்மா, வேற எங்க போறது. இந்தத் தெரஸ் வரிசை வீட்டுச் சுவர் மெல்லிசு லா, நீ தும்முனாகூட எனக்குக் கேக்கும்."

"அப்ப உங்க வீட்டுக்கே வரோம்க்கா."

வந்திறங்கிய அன்று அவள் தாடையில் பழைய கன்றல் ஒன்று மஞ்சளாக இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்றாள். "நம்ம வீட்டுல ரப்பர் பாய் போட்டிருக்கேன், வழுக்காது" என்று நானும் ஆறுதல் சொன்னேன். மடச்சி நான். புருஷன்காரன் சிரித்த முகமாகக் கும்பிட்டான்.

மறுநாள் இருட்டு விலகும் முன்பே மாடியில் பேச்சுச் சத்தம். அக்கா பத்து மணிக்கு மேல்தான் போகச் சொன்னார்கள் என்று அவள் சொல்ல, "அவங்க நல்லாத் தூங்கறதுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான் அவன். வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். பத்து மணிக்கு பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிப் போகச் சொல்லி அவளே போன் பண்ணினாள்.

அவன் உதடு கிழிந்து, சட்டைப் பொத்தான் அறுந்து நின்றான். வரிசையில் முண்டியடித்து முன்னால் போயிருக்கிறான். வேலைக்கு நேரமான ஒருத்தன் காலரைப் பிடித்து இழுக்க, இன்னொருத்தன் நெஞ்சில் குத்தியிருக்கிறான். அங்கே வாங்கிக்கொண்டு வாயை மூடியவன், என் காரின் பின்சீட்டில் ஏறியதும், "எவனெவனோ என்மேல கை வைக்கிறான். எல்லாம் நீ போட்ட பிளான்டி" என்று அவள் கன்னத்தில் அறைந்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை மாதமாக அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஊரில் அவள் அடிபடும் சத்தம் கேட்கிற காதெல்லாம் அவனுடைய சொந்தக்காரர்களுடையது. கேட்டால் எழுந்து வர ஒரு அந்நியராவது இருக்கிற வீட்டைத்தான் இவள் தேடியிருக்கிறாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவன் அவள் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தான். நான் ஸ்டீரிங் லாக்கோடு இறங்கினேன்.

"கையை எடு தம்பி."

"இது எங்க குடும்ப விஷயம். நீங்க உள்ள போங்க."

மறு கை ஓங்கியது. அந்தக் கை கீழே இறங்குவதற்குள் அதன் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டேன். காய்ந்த செம்பனை மட்டை முறிகிற சத்தம். அவன் தரையில் உட்கார்ந்து அலறினான். நியாயமாக எனக்கு அங்கே பயம் வந்திருக்க வேண்டும், ஆனால் நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாவது அடியைத் தலைக்குத்தான் ஓங்கினேன். அவள் குறுக்கே வந்து தடியைப் பிடித்தாள். "போதும்க்கா."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "போலீஸ்ல சொல்லி உன்னை உள்ள தள்றேன்" என்று அவன் பின்னால் முனகிக்கொண்டே வந்தான். அப்போது பயம் வந்தது. அவசரப் பிரிவு வாசலிலேயே போலீஸ் கவுண்டர் உண்டு. அவன் வாயைத் திறந்தால் நான் லாக்கப்பில், இவள் மறுபடி அவன் கையில்.

டாக்டர் நம்ம தமிழ்ப் பெண். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

அவன் பேசுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர்."

குரலில் தடுமாற்றமே இல்லை. எத்தனை டாக்டர்களிடம் சொல்லிப் பழகியதோ. டாக்டர் அவள் தாடையைப் பார்த்தார், கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தார். "அப்படியா சார்? இல்லைன்னா வெளிய போலீஸ் இருக்காங்க, யார் யாரை அடிச்சாங்கன்னு எல்லாத்தையும் சொல்லிடலாம்."

அவன் முதலில் மனைவியைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். "வழுக்கிருச்சு" என்றான்.

திரும்பும்போது அவள் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டோடு அவன் பின்னால் ஏறினான். "வலது கைக்கா. கட்டுப் பிரிக்க ஆறு வாரமாம்" என்று அவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்ச் சேர அது போதும்." காலடியில் கிடந்த ஸ்டீரிங் லாக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அருவிதானேக்கா?"