ஏரி தெரிந்த குசினி

என் கணவர் எங்கள் குசினியைச் சுத்தியலால் அடித்து உடைத்தபோது நான் குறுக்கே போய் நிற்கவில்லை. முதல் அடி அடுப்புக்கு மேலிருந்த அலுமாரியில் விழுந்தது. கதவு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்று, பிறகு விழுந்தது. அடுத்த அடியில் மேசைக் கல்லின் மூலை பெயர்ந்து என் காலடிக்கு வந்தது. "நீர் தள்ளி நில்லும்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. வாசலில் நின்ற மகள் டேனிஷில் கத்தினாள். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் குசினியை அவர் எவ்வளவு கோபத்தோடு உடைத்தாரோ, அவ்வளவு கோபத்தோடுதான் கட்டியும் இருந்தார்.

டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், வாடகைத் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் இருந்தோம். அவருக்குப் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கும் வேலை. ஊரிலிருந்து இங்கே வந்த எங்கள் தமிழ் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து சீட்டுப் பிடிப்பார்கள், சீட்டு விழுந்ததும் அதை முன்பணமாகக் கொடுத்து வீடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு எங்கே கண்டாலும், சுகமா என்று கேட்க முன்னமே "இன்னும் வீடு வாங்கேல்லையே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற வாயில் ஒரு வடையை அடைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

எங்களுக்கும் சீட்டு விழுந்தது. மிச்சத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். அங்கிருந்த பெண் அவருடைய தற்காலிக வேலையைப் பார்த்தாள், எங்கள் முகவரியைப் பார்த்தாள், நல்ல சிரிப்போடு இல்லை என்று சொன்னாள். வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பழைய குசினிக் கதவை உதைத்தார். கதவு பிணைச்சலோடு கழன்று விழுந்தது.

"வீடு தரமாட்டினமெண்டால் விடட்டும். இருக்கிற வீட்டுக்குள்ளை நான் ஒரு வீடு கட்டிக் காட்டுறன்" என்றார்.

சீட்டுக்காசு முழுவதையும் அந்த வாடகைக் குசினிக்குள் போட்டார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராவது இப்படி ஒரு வேலையைச் செய்வார்களோ தெரியாது. ஓக் மரத்தில் அலுமாரி, இடி விழுந்தாலும் அசையாத கறுப்புக் கல்லில் மேசை, பொரியல் மணம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இழுக்கிற பெரிய காற்றாடி. நீல ஓடுகளை ஒவ்வொன்றாகத் தன் கையால் ஒட்டினார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது யன்னல். அது முதலே இருந்ததுதான். ஆனால் அதற்குக் கீழே அடுப்பை மாற்றி வைத்ததில், மீன் பொரிக்கும்போது எதிரே ஏரி முழுவதும் தெரியும். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ரோட்டு, ரோட்டுக்கு அங்கால் டேனிஷ்காரரின் சொந்த வீடுகள். அவர்களுக்கு ஏரி தெரியாது. அவர்களுக்கும் ஏரிக்கும் நடுவில் நாங்கள் நின்றோம். அதில் எனக்கு ஒரு கள்ளச் சந்தோசம் இருந்ததை மறைப்பானேன்.

பிறகு சட்டம் வந்தது. எங்களைப் போன்ற முகங்கள் கூடிப்போன வாடகைப் பகுதிகளைக் குறைக்க வேண்டுமாம். சில பிளாக்குகளை இடித்து, விற்பனைக்குப் புது வீடுகளும் ஓடுவதற்குப் பாதையும் போட்டு, அந்த இடத்தின் தரத்தை உயர்த்தப் போகிறார்களாம். எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த தமிழர் படியில் காண்கிற எல்லாருக்கும் தைரியம் சொன்னார். "உது வேலைவெட்டி இல்லாத ஆக்களுக்கு வந்த சட்டம், அண்ணை. நாங்கள் வரி கட்டுற ஆக்கள். எங்கடை பிள்ளையள் யூனிவர்சிட்டி. எங்கடை பிளாக்கிலை கை வையாங்கள்."

எல்லாரும் அதை நம்பினார்கள். என் கணவரும் நம்பினார். குடியிருப்பாளர் கூட்டத்தில் திட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்த அன்று எங்கள் ஆட்களின் பெண்பிள்ளை ஒருத்திக்குச் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா. எங்கள் பிளாக்கின் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் பட்டு உடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டன. நான் மட்டும் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

மேடையில் நின்ற அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். எங்கள் பிளாக் சிவப்பாக இருந்தது. இடிக்கிற செலவு எங்கிருந்து வருகிறது என்று யாரோ கேட்டார்கள். வாடகைக் குடிகளின் பொது நிதியிலிருந்து என்றார். அதாவது, நாங்கள் வருடக்கணக்காகக் கட்டிய வாடகையில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த அதே நிதி. நான் எழும்பி நின்று கேட்டேன்: இது எங்கள் காசு என்றால், அதில் ஒரு பங்கை எங்களுக்கு முன்பணமாகத் தந்தால் என்ன? இங்கே கட்டுகிற புது வீட்டை நாங்களே வாங்கி இருப்போமே. அவர் பொறுமையாக, பாலர் பிள்ளைக்குச் சொல்வதுபோல், அந்தப் பணம் கட்டடங்களுக்குத்தான், ஆட்களுக்கு இல்லை என்றார். என் முன்னால் இருந்த தண்ணீர்ச் சாடியை மேசையில் ஓங்கி வைத்தேன். அது உடைந்து என் உள்ளங்கை கிழிந்தது. வாக்கெடுப்பில் கொஞ்சக் கைகளால் தோற்றோம். பட்டுக்குள் இருந்த கைகள் வந்திருந்தால் வென்றிருப்போம்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குளிர்ச் சட்டையோடு அப்படியே சாமத்திய வீட்டு மண்டபத்துக்குள் போனேன். பெண்ணுக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கீழ்வீட்டுக்காரரோடு முன் வரிசையில் இருந்தார்.

"எங்கடை பிளாக்தான். இடிக்கப் போறாங்கள்" என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் சிரித்தார். "அக்கா பிழையாய் விளங்கிக்கொண்டு வந்து நிக்கிறா. அண்ணை, நீங்கள் பயப்பிடாதேங்கோ, உது வேறை ஆக்களின்ரை பிளாக்காய் இருக்கும்."

என் கணவர் எழும்பி அவருடைய வாயிலேயே குத்தினார். அவர் பலகாரத் தட்டுகளுக்கு மேல் விழுந்தார். அவருடைய தம்பி என் கணவரின் கழுத்தைப் பிடித்தார், இவர் அவரைத் தூணோடு மோதினார், லட்டும் இரத்தமும் மிதிபட்டது. பிரித்துவிட வந்தவர்களும் அடி வாங்கினார்கள். வீடியோக்காரர் கமெராவை நிற்பாட்டவே இல்லை. அந்தப் பிள்ளையின் வீடியோவில் ஆரத்திக்குப் பிறகு என் புருசன்தான் வருகிறார். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. இன்னும் இரண்டு போட்டிருக்கலாம் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆனால் அடி வாங்கவேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை.

எங்களுக்கு நகரத்தின் மறுபக்கத்தில் வேறு வாடகை வீடு தந்தார்கள். வெளிக்கிட முன்னம் ஒரு இளைஞர் வந்து எங்கள் குசினியைப் பார்த்தார். கல்லைத் தடவினார், அலுமாரியைத் திறந்து மூடினார், அருமையான வேலை என்றார். நட்டஈடு என்ன என்று கேட்டோம். கட்டிப் பல வருடமாகிவிட்டதால் இதற்கு இப்போது பெறுமதி ஒன்றும் இல்லை என்றார். அவர் படியிறங்கிப் போகும்வரை என் கணவர் காத்திருந்தார். பிறகு பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

"மெசினுக்கு விடமாட்டன்" என்றார். "நான் கட்டினது. நானே உடைக்கிறன்."

காற்றாடி நசுங்கியது. ஓடுகள் தெறித்து அவருடைய நெற்றியைக் கீறின. மூச்சு வாங்கி அவர் நின்றபோது நான் சுத்தியலை அவரிடமிருந்து வாங்கினேன். அடுப்புக்குப் பின்னாலிருந்த ஓடுகளை அடித்தேன். கை வலித்தது, மனம் வலிக்கவில்லை, அதனால் இன்னும் அடித்தேன். மகள் கடைசியில் தமிழில் "அம்மா, காணும், நிப்பாட்டுங்கோ" என்றாள். யன்னலை மட்டும் நாங்கள் இருவரும் தொடவில்லை.

பிளாக்கை இடித்தபோது நான் பார்க்கப் போகவில்லை. ஆனால் வேலை என்னை விடவில்லை. ரோட்டுக்கு அங்கால் சொந்த வீட்டில் தனியாக இருக்கும் ஒரு டேனிஷ் அம்மா, காலையில் நான் குளிப்பாட்டப் போகிறவர்களில் ஒருவர். கணவர் செத்த பிறகு அவருக்கு என் கைதான் பழக்கம். நல்ல மனுசி. நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குக் காலுறை பின்னித் தருவார். அவருடைய குசினி எங்களுடையதைவிட எவ்வளவோ பழையது, செம்மஞ்சள் ஓடு, ஒரு கதவு ஒழுங்காக மூடாது. மகன் வந்து விலை மதிப்பிட்டுப் பார்த்தானாம், வீட்டின் பெறுமதி நல்லாய் ஏறிவிட்டதாம். இதை அவர் நான் தலை துவட்டும்போது சொன்னார். நான் இருந்த இடத்தில் ஒரு சல்லியும் தேறாத குசினி உடைந்து கிடந்தது. இவர் ஒரு ஆணியும் அடிக்காத குசினி தானாகவே வளர்ந்து நின்றது. துவாயைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல, "மெதுவாக" என்றார்.

பிறகு தடியை ஊன்றிக் குசினிக்குப் போனவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோசம்.

"ஓடி வாருங்கள், பாருங்கள்! நாற்பது வருடமாய் இந்த வீட்டில் இருக்கிறேன். இப்போதுதான் என் யன்னலால் ஏரி தெரிகிறது. இனி நீங்களும் வேலை செய்துகொண்டே பார்க்கலாம்."

பார்த்தேன். எங்கள் பிளாக் நின்ற இடத்தில் சேறும் கம்பியும். அதற்கு மேலே, என் ஏரி. நான் மீன் பொரித்துக்கொண்டு பார்த்த அதே நாணல் கரை. ஏரி அங்கேயேதான் இருந்தது. எங்களை எடுத்துவிட்டு அதை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள், எங்கள் வாடகைக் காசிலேயே.

என்னால் முடியவில்லை. எட்டி யன்னல் திரையைப் பிடித்து, அறைந்து சாத்துவதுபோல் இழுத்தேன். சுவரிலிருந்து திரைத் தடி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. காரை கொட்டியது, பூச்சாடி ஒன்று விழுந்து நொறுங்கியது, திரை முழுவதும் என் கையோடு வந்துவிட்டது. மூடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஏரி அந்தக் குசினி முழுவதும் வந்து நின்றது.

டேனிஷ் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பயந்திருந்தார். பிறகு, என்னைத் தேற்றுவதற்காகத்தான் இருக்கும், என் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லை" என்றார். "திரை இல்லாமல் இன்னும் வடிவாய்த் தெரிகிறது."