குட்டியை எங்க வாங்கினீங்க?

என் கணவருக்கு வேலை போன முப்பத்தெட்டாவது நாள், தமிழ்ப் பள்ளி பிக்னிக்குக்கு எங்கள் நாய்க்குட்டியை அழைத்துக்கொண்டு போனோம். நாள் கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் தருவார்கள். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடம் நின்றதெல்லாம் அந்த அறுபது நாளுக்கு முன்னால் செல்லாது. மகள் இங்கேயே பிறந்தவள், ஒன்பது வயதுக் குடிமகள். குட்டிக்குக்கூடத் தோலுக்கடியில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ வீட்டு முகவரியோடு ஒரு சிப் இருந்தது. எங்கள் இருவருக்கும்தான் ஒன்றும் இல்லை.

மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய கோல்டன் டூடுல் ஜாதி நாய் அது. முடி கொட்டாது என்று யாரோ சொன்னதிலிருந்து நம்மவர்கள் வீடுகளில் இப்போது இதுதான் வளர்கிறது. மகள் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தாள். நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அதற்கு உலகத்தில் அந்நியர் என்று யாருமே கிடையாது. பார்சல் கொண்டுவருபவர், குப்பை அள்ளுபவர், வாசலில் மதம் மாற்ற வந்த இரண்டு பேர், எல்லாரையும் ரொம்ப நாள் காணாத சொந்தக்காரர்போல வரவேற்கும். நாங்களும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

சென்னையில் போய் இறங்கினால் மாமியார் வீட்டில்தான் தங்க வேண்டும். அவருக்கு ஆஸ்துமா. "நாய் மட்டும் வேணாம்மா" என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார். குட்டியை வாங்கிய பென்சில்வேனியா பண்ணையில், விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். ஆக, அறுபது நாளுக்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டியிருந்தது. இவருக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டிக்கு ஒரு நல்ல வீடு கிடைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நான் இரண்டாவதை மட்டுமே நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஆனால் வேலை போனதை யாரிடமும் சொல்லக்கூடாது. "யார்கிட்டயும் மூச்சு விடாத. நாளைக்கே ஒண்ணு கெடச்சிடும். அப்புறம் பார்க்கறவன்லாம் 'லே ஆஃப் ஆச்சாமே'ன்னு துக்கம் விசாரிப்பான்" என்றார் இவர். பழியை அவர்மேல் போடுவது சுலபம். உண்மையில் நான் அவரைவிட மோசம். பள்ளி வாசலில் யாரும் கேட்காமலேயே, "அவருக்கு இப்பல்லாம் ஃபுல்லா வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

பிக்னிக்குக்குப் போகாமலும் இருக்க முடியாது. யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலில், நாற்பது பேருக்குப் புளியோதரை என்று எப்போதோ என் பெயரைப் போட்டிருந்தேன். அடுத்து வரும் புதன்கிழமை இவருக்கு ஒரு கம்பெனியில் கடைசிச் சுற்று இன்டர்வியூ இருந்ததால், அதற்குத் தயார் செய்ய அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான், மகள், குட்டி, ஒரு பெரிய அலுமினிய டிரே. என் திட்டம் இதுதான்: நானாக வாய் திறந்து கேட்கக்கூடாது. குட்டியைப் பார்த்து யாராவது ஆசைப்படட்டும். ஆசைப்பட்டால், "எங்களால பார்த்துக்க நேரமே இல்ல" என்று கொஞ்சம் அலுத்துக்கொண்டு கொடுத்துவிடலாம். மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு பிக்னிக் அன்று காலையில் தானாகவே குட்டியைக் குளிப்பாட்டி, முடியைச் சீவிவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயார் செய்வதுபோல இருந்தது, பார்க்கவே சகிக்கவில்லை.

குட்டி அன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஜமுக்காளம் ஜமுக்காளமாகப் போய் விசாரித்தது. மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அங்கிள், நாயென்றால் பயம் என்று பெஞ்சுமேல் ஏறி நின்றார். அரை மணி நேரத்தில் குட்டி அவருடைய ஷூவில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "இது நாயே இல்லம்மா. இன்சூரன்ஸ் ஏஜென்ட். விடாது" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"சார் வரலையா?" என்று ஒருவர் கேட்டார். "டெட்லைன்" என்றேன். "சண்டேகூடவா? இப்ப வேலை இருக்கறதே பெரிய விஷயம். எங்க அபார்ட்மென்ட் கம்யூனிட்டியில ஒரு ஃபேமிலி, பாவம், வீட்டையே காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் இன்னொருவர், தயிர்சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே. எல்லாரும் ஒருமுறை "பாவம்" என்றார்கள். பிறகு ஊறுகாய் யார் போட்டது என்ற பேச்சு வந்தது. அந்தக் குடும்பம் அவ்வளவுதான், ஒரு பாவம், ஒரு ஊறுகாய். அடுத்த பிக்னிக்கில் அந்த இடம் எங்களுக்கு.

அப்போதுதான் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தார். அவ்வளவாகப் பழக்கமில்லை. எங்கள் அபார்ட்மென்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனிவீடு, பின்னால் வேலி போட்ட புல்வெளி. அவருடைய சின்ன மகள் குட்டியைக் கட்டிக்கொண்டு புல்லில் உருண்டாள். குட்டி பிறகு அந்தப் பெண்ணின் மடியில் ஏறி, வளையல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

"இவளுக்கு அலர்ஜிங்க. முடி கொட்டாத நாயா ஆறு மாசமா தேடிட்டு இருக்கோம். எல்லா இடத்துலயும் வெயிட் லிஸ்ட்" என்றார். "குட்டியை எங்க வாங்கினீங்க?"

என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஆறு மாதமாகத் தேடுகிற குடும்பம். வேலி போட்ட புல்வெளி. குட்டியை விட மனமில்லாத ஒரு குழந்தை. நான் கேட்டு வாங்கினால்கூட இவ்வளவு பொருத்தமாகக் கிடைத்திருக்காது. "இதையே எடுத்துக்கோங்க" என்பது தொண்டைவரை வந்துவிட்டது.

அதற்குள் அவரே சிரித்துக்கொண்டு, "உங்ககிட்டயே கேட்டுடலாம்னு ஆசைதான். ஆனா இதைப் போய் யாராவது குடுப்பாங்களா? ஊரை விட்டே போனாதான் உண்டு" என்றார்.

சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். "அதானே" என்று நானும் சிரித்தேன். பிறகு ஃபோனை எடுத்து, அந்தப் பண்ணையின் நம்பரைத் தேடி அவருக்கு அனுப்பினேன். அதோடு விட்டேனா? "என் பேரைச் சொல்லுங்க, வெயிட் லிஸ்ட்ல முன்னாடி போடுவாங்க" என்று வேறு சொன்னேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

காரில் மகள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு, "ஒய் டிடின்ட் யூ டெல் ஹர், அம்மா?" என்றாள்.

"புதன்கிழமை அப்பாவுக்கு இன்டர்வியூ இருக்குல்ல. கெடச்சிட்டா குட்டி நம்மகூடவே இருக்கும்."

"யூ ஆல்வேஸ் சே தட்."

பதினோரு வருடமாக ஓட்டுகிற சாலைக்கு ஜி.பி.எஸ். போட்டேன், காரில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். இவர் லேப்டாப்பை மூடிவிட்டு, "சொல்லிக்கோ. இனிமே யார்கிட்ட வேணா சொல்லிக்கோ" என்றார். சனிக்கிழமை காலை, சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்!" என்றார் எடுத்ததும். "உங்க பேரைச் சொன்னதும் ஒரு கேன்சலேஷன் இருக்குன்னுட்டாங்க. நேத்து லீவு போட்டுட்டுப் போய் எடுத்துட்டு வந்துட்டோம். உங்க குட்டிக்குத் தம்பி, அதே அம்மா!" பின்னால் ஒரு குட்டி கீச்சுக் குரலில் குரைத்தது, குழந்தை சிரித்தது. "நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சும்மாதான். கெடச்சுதான்னு கேக்கலாம்னு" என்றேன். காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டேன்.

அதன்பிறகு வெட்கம் மானம் எல்லாம் விட்டு எல்லா வாட்ஸ்ஆப் குழுக்களிலும் எழுதினேன். பாவம் என்று நிறையப் பேர் பதில் போட்டார்கள். பார்க்க வருகிறேன் என்ற இரண்டு பேரும் வரவில்லை. ஐம்பத்து மூன்றாவது நாள், ஒரு திங்கட்கிழமை, மகள் பள்ளி விட்டு வந்ததும் குட்டியை விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோனோம். சென்னைக்கு டிக்கெட் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டாகிவிட்டது.

காப்பகத்துப் பெண் நீட்டிய படிவத்தில், ஏன் விடுகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. வேலை போய்விட்டது, நாட்டை விட்டுப் போகிறோம் என்று எழுதினேன். ஒரு வரிதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை. குட்டி நன்றாகப் பழகுமா என்று அவர் கேட்டார். மகள் தலையை ஆட்டினாள். அவர் குனிந்து கையை நீட்டியதும் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு, புதிய சொந்தக்காரர் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பின்னாலேயே ஓடியது. கதவு மூடும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் குணம் அது, கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது, பிறகுதான் அழுகை.

காரில் ஏறியபோது ஃபோனில் ஒரு படம் வந்திருந்தது. வேலி போட்ட புல்வெளியில் அந்தக் குழந்தையும் பழுப்புநிறத்தில் ஒரு குட்டியும். கீழே அந்தப் பெண் எழுதியிருந்தார்: "ஊசி எல்லாம் போட்டாச்சு. வர்ற சண்டே ரெண்டு குட்டியும் சேர்ந்து விளையாட ஒரு ப்ளே டேட் வச்சுக்கலாமா?" நான் எழுதிய எந்தக் குழுவிலும் அவர் இல்லை போலிருக்கிறது.

பின் சீட்டில் மகள் குட்டியின் காலி லீஷ் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கண்டிப்பா" என்று நான் பதில் போட்டேன்.