காயப்போட்ட மரமும் பேப்பரில் வந்த போட்டோவும்

ஈரக் கயிறு வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும். பாசியும் உப்பும் கலந்து மூக்கைச் சுளிக்க வைக்கிற வாடை… புயல் போன மூன்றாம் நாள், எண்ணூரை ஒட்டிய எங்கள் காத்திவாக்கம் முழுக்க அதுதான். வேலிக்கு வேலி கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்குக் கொஞ்சம் முன்னால் என்று நினைவு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை.

அந்தப் புயலுக்கு ரேடியோ இரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்தியது. எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது அதில் பாதிதான். நாலைந்து கூரை பறந்தது, முருங்கை மரங்கள் சாய்ந்தன. கட்டுமரங்களையெல்லாம் முந்தின நாளே தூக்கிப் போய்க் கோயிலுக்குப் பின்னால் பனைமரங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

போனது வலைதான்.

எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுப் பக்கம் உப்பங்கழித் தண்ணீர் ஏறும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கழிக்கரைக் கொட்டகையில் இறால் வலைகளை அப்படியே விட்டிருந்தார்கள். தண்ணீர் கொட்டகையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதில் என் அண்ணன் ஏழுமலையின் வலையும் ஒன்று. அவனும் அண்ணியும் ஆறு மாதம் உட்கார்ந்து பின்னியது. தண்ணீரில் இறங்கியது நாலே நாள்.

கட்டுமரம் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஆணி கிடையாது. மரங்களைச் சேர்த்து வைத்துக் கயிற்றால் கட்டுவதுதான். கரைக்கு வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள், இல்லாவிட்டால் ஊறிக் கனத்துவிடும். மழையில் நனைந்த மரங்களை அன்றைக்கும் அப்படித்தான் மணல் முழுக்கப் போட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டணத்திலிருந்து ஒரு பேப்பர்காரர் காமிராவோடு ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்தேன்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் பேப்பரை என் முன்னால் விரித்தார். 'சுக்குநூறான கட்டுமரங்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே மணலில் மரங்கள் சிதறிக் கிடக்கின்றன… நடுவில் என் அண்ணன், தலையில் கை வைத்துக்கொண்டு.

"ஒடையல சார், காயப் போட்டுகீறாங்க" என்றேன். யார் கேட்டார்கள்? "பாவம், பயந்து பூட்ச்சி பொண்ணு" என்று சொல்லி, மத்தியானம் கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு கரண்டி குழம்பு என் தட்டில் ஊற்றினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

கொருக்குப்பேட்டை அத்தை மாரில் அடித்துக்கொண்டே வந்தாள். வாசலில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னாடா, நல்லாத்தான் கீற. நானு அங்கேர்ந்து அழுதுகினே வந்தேன்" என்று அவன்மேலேயே கோபித்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து நிவாரணம் எழுத ஆபீசர் வருகிறார் என்று செய்தி வந்தது. பக்கத்து வீட்டு முனுசாமி வந்து என் அண்ணனிடம், "ஒரு மரத்த ரெண்டா பொளந்து போடு மாமே. புயல்ல ஒடஞ்சிச்சின்னு சொல்லிக்கலாம். வலைக்காவது வழி பொறக்கும்" என்றான்.

"சோறு போட்ற மரம்டா அது. அதும்மேல கோடாலி வெக்கச் சொல்றியா? போய் வேலயப் பாரு."

ஆபீசர் அந்தப் பேப்பரை மடித்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். அன்று நான் லீவு போட்டுவிட்டு அண்ணி பக்கத்தில் நின்றிருந்தேன். கரையில் கட்டுமரங்கள் எல்லாம் கட்டி முடித்து, முழுசாக, வரிசையாக இருந்தன.

"உடைஞ்ச மரம் எங்கப்பா?"

"ஒடையல சார். காய வெச்சிருந்தோம்."

"போட்டோல இருக்கிறது நீதானே? போஸ் கொடுத்து ஊரை ஏமாத்தினியா?"

"வலதான் சார் பூட்ச்சி. பத்து வூட்டு வலைக்கு மேல பூட்ச்சி."

"சரி, காட்டு."

"பூட்டத எப்டி சார் காட்றது?"

அவர் 'சேதமில்லை' என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து தெருவே அண்ணன்மேல் பாய்ந்தது. பேப்பரில் மூஞ்சி வர ஆசைப்பட்டு எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டானாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவனும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எண்ணூரில் அப்போது அனல் மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கலவைச் சட்டி தூக்கப் போனான். அதற்கப்புறம் அவன் வலை பின்னவே இல்லை.

போன மழைக்கும் டிவியில் ஒரு பையன் மைக்கோடு எங்கள் ஊரில் முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். பெங்களூரிலிருந்து என் மகன் பதறிப்போய் போன் செய்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கழியோரத்தில் நிஜமாகவே எதையோ இழந்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் எந்தச் சேனலிலும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் மாறியது காமிரா மட்டும்தான்… சலிப்பாக இருக்கிறது.

அண்ணன் இப்போது என்னோடுதான் இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, அன்னிக்கி அந்த பேப்பர்காரன் சொன்னான்னு எதுக்கு தலையில கை வெச்ச?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:

"நானு வலய நெனச்சி ஏற்கெனவே வெச்சிகினுதான் குந்தினு இருந்தேன். மூஞ்சி மறையுதுன்னு, கைய எட்த்துட்டு மறுபடி வெக்கச் சொன்னான்."