இருபத்து மூன்றில் நின்ற ரேடியோ

என் கணவருக்குப் பாட்டு என்றால் கார் கண்ணாடி அதிர வேண்டும். ரேடியோவின் சின்னத் திரையில் சத்தத்தின் அளவு எண்ணாகத் தெரியும். அவருக்கு இருபத்து மூன்று. பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் நான் அதைப் பதினைந்துக்குக் குறைப்பேன். அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். கோபமாக இருந்தால் மட்டும் எட்டுக்கு இறக்கிவிடுவேன். எட்டில் பாட்டு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அவர் திரையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

“என்னம்மா, இன்னிக்கு எட்டா? நான் என்ன பண்ணேன்?”

தினமும் கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து என்னைப் பங்சாரில் என் அலுவலகத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். ஃபெடரல் ஹைவே நெரிசலில் எங்கள் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்கின, இப்படியேதான் முடிந்தன. மனம் இறங்கி வரும்போது பத்து, பன்னிரண்டு என்று நானே ஏற்றிவிடுவேன். வாய்திறந்து மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

நெஞ்சு என்னவோ செய்கிறது என்று அவர் சொன்னது ஒரு வியாழக்கிழமை காலையில். அன்று எனக்கு விடுப்பு. கிளினிக்குக்குப் போகலாம் என்றேன்.

“காத்துதான்லா. வேலை முடிஞ்சு போறேன்.”

போகவில்லை. சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினார், சட்டைகூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்தார். நான் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அவரை ஏற்றிச் செல்லும் வண்டி உள்ளே வரவேண்டும். அவருடைய கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. என் தம்பி போய்ச் சாவியைத் திருகினான். உள்ளேயிருந்து ஒரு குத்துப்பாட்டு இருபத்து மூன்றில் வெடித்தது. சாவு வீட்டில் பதினாறு நாளைக்கு ரேடியோ, டிவி எதுவும் போடமாட்டோம். டிவியைப் பெட்ஷீட் போட்டு மூடிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் தம்பி இன்ஜினையே அணைத்துவிட்டான். பிறகு நான்கு பேர் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் விட்டார்கள்.

நான் அழவில்லை. அன்றும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. “அழுதிடு, அழுதிடு” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், ஏதோ வேளைக்கு ஒரு மாத்திரை போடச் சொல்வதுபோல. வந்தால் அழமாட்டேனா?

பதினாறு முடிந்ததும் அந்தக் காரை நான் ஓட்டத் தொடங்கினேன். சாவியைத் திருகியதும் இருபத்து மூன்று. அதன்மேல் நான் கைவைக்கவில்லை. அவர் விரல் கடைசியாக வைத்துவிட்டுப் போன அளவு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டுகளை நான் கேட்கவும் இல்லை. காதில் விழுந்தன, அவ்வளவுதான். காதல் பாட்டு வந்தது, வெள்ளிக்கிழமைகளில் சாமி பாட்டு வந்தது. முன்பெல்லாம் அம்மாவைப் பற்றிய பாட்டு என்றால் முதல் வரியிலேயே எனக்குக் கண் கலங்கிவிடும். இப்போது அப்படி ஒன்று முழுதாகப் பாடி முடிக்கும்வரை முன்னால் போன லோரியின் நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காய்ச்சல்காரன் வாயில் சோறு மாதிரி, எல்லாம் ஒரே ருசி.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் நாத்தனார் ஒருநாள் போன் செய்தாள்.

“அண்ணி, நேத்து பங்சார் சிக்னல்ல உங்க காருக்குப் பின்னாலதான் நின்னேன். பாட்டுச் சத்தம் என் கார் வரைக்கும் கேட்டுச்சு.”

“ம்.”

“பரவால்ல அண்ணி. மனசு தேறிட்டீங்க போல.”

அந்தப் ‘பரவால்ல’ எந்தப் பரவால்ல என்று எனக்குத் தெரியும். போன வருஷமாக இருந்தால் அதற்கு நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று, சமையல் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவளும் அண்ணனைப் பறிகொடுத்தவள்தான்.

ஏழாவது மாதம் ஒரு மத்தியானம், அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் வண்டி கிளம்ப மறுத்தது. பேட்டரி மாற்றுகிறவரைக் கூப்பிட்டேன். மோட்டார்சைக்கிளில் புது பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார், நம் தமிழ் ஆள்தான். வெயிலில் நான் குடை பிடித்துக்கொண்டு நிற்க, கால்மணி நேரத்தில் வேலையை முடித்தார்.

“அக்கா, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

திருகினேன். கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்பியிருந்தது. ரேடியோ உஸ்ஸென்று இரைந்தது, அதுவும் மெதுவாக. திரையில் பத்து.

“இது ஏன் பத்துல இருக்கு?”

“பழைய பேட்டரிய கழட்டினா செட்டிங் எல்லாம் போயிரும்லா அக்கா. திரும்ப வச்சுக்கலாம், ஒண்ணும் இல்ல.” அவரே ஜன்னல் வழியாகக் கைநீட்டித் தமிழ் நிலையத்தைப் பிடித்துக் கொடுத்தார், காசை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

நான் இருபத்து மூன்றுக்கு ஏற்றினேன். ஏதோ கல்யாணப் பாட்டு. ஏழு மாதமாகக் கூடவே வந்த சத்தம், அன்றைக்குக் காதைக் கிழித்தது. அதே எண்தான். ஆனால் இது நான் வைத்தது. அவர் வைத்தது பழைய பேட்டரியோடு மோட்டார்சைக்கிளில் போய்விட்டது.

குறைத்தேன். இருபது, பதினைந்து. பதினைந்தில் விரல் நிற்கவில்லை. பத்தையும் தாண்டி எட்டில் வந்துதான் நின்றது. அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

முன்பு நான் உட்காரும் இடப்பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அதில் என் கைப்பையும் குடையும் கிடந்தன.

“காலையிலயே கிளினிக்குக்குப் போயிருக்கலாம்ல?” என்று வாய்விட்டுக் கத்தினேன். அப்புறம்தான் அழுகை வந்தது.