கேட் செய்யப் போய் பிளான்ட் செய்த கதை

நான் என் கணவரிடம் கேட்டது ஒரு கேட். அவர் செய்ய ஆரம்பித்தது வெல்டிங் பிளான்ட். இரும்பு ஒட்டும் மெஷினுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. வாசலில் இறங்கினால் கொழுந்து லொறி போகும் ரோட்டு. மகள் நடக்கப் பழகிய கையோடு ஓடவும் பழகிவிட்டாள். ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணை வாசலிலும் வைத்துச் சமைப்பதில் எனக்குத் தினமும் உயிர் போய் உயிர் வந்தது.

கணவர் தோட்டத்து ஃபெக்டரியில் மெக்கானிக். டவுனில் கொடுத்துக் கேட் செய்தால் அவருக்கு மானம் போய்விடும். மாவனல்லையில் கடையொன்றில் வேலை செய்யும் என் அண்ணன், அங்கே ஒரு முஸ்லிம் நானாவிடம் பாவித்த பிளான்ட் நல்ல நிலையில் இருப்பதாக ஃபோனில் சொன்னார்.

“அடுத்தவன் பாவிச்சு விட்டத நாம எதுக்கு வாங்கணும்? நானே ஒன்னு கட்டுறேன்,” என்றார் இவர்.

பழைய இரும்புக் கடையிலிருந்து எரிந்துபோன மோட்டார் ஒன்று வந்தது. அதன் வயிற்றை உருவிப் போட்டுவிட்டு, புதிதாகக் கம்பி சுற்ற உட்கார்ந்தார். என்னைப் பெண் பார்த்து, பேசி, கட்டி முடிக்கக்கூட அவ்வளவு நாள் எடுக்கவில்லை. சுற்றும்போது யாரும் பேசக் கூடாது, எண்ணிக்கை விட்டுப்போகுமாம். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டது, லயம் முழுக்க லைட் மங்கியது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து, “தம்பி, இன்னைக்குப் பத்தவைக்கிறீங்களா, இல்ல நாங்க நாடகம் பாக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டு போவார். இவர் ரோஷப்பட்டு, எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவரிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். லொறி பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். டிரைவர் என் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“மே காகெத லமயா?” என்றார். யார் வீட்டுப் பிள்ளை என்று சிங்களத்தில் கேட்கிறார்.

கம்பியிலிருந்து தலையைத் தூக்காமல் இவர் பதில் சொன்னார். “அல்லபு கெதர.”

பக்கத்து வீட்டுப் பிள்ளையாம்.

மகள் டிரைவர் தோளிலிருந்து “அப்பா” என்றாள். இவர் நிமிர்ந்தார். கம்பிச்சுருள் கையை விட்டு உருண்டு அவிழ்ந்தது. நான் டிரைவரிடமிருந்து பிள்ளையை வாங்கி இவர் கையில் கொடுத்தேன். அன்று முழுக்க அவர் பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே சோறும் சாப்பிட்டார்.

மறுநாள் விடியவே மாவனல்லைக்குப் பஸ் ஏறினார். பாவித்த பிளான்ட் வந்த அடுத்த நாளே வாசலில் கேட் நின்றுவிட்டது. ஒட்டெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அதைச் சொல்லிக்காட்ட நான் தவறுவதில்லை. கொண்டியை மட்டும் எவ்வளவோ உயரத்தில் வைத்திருக்கிறார். நானே எம்பித்தான் திறக்கிறேன். இறக்கி வைக்கச் சொல்லி இதுவரை கேட்கவில்லை.