இருசம்மாள் நட்ட குளியலறை

இருசம்மாள் முப்பத்தைந்து வயதுவரை வெளிச்சத்தில் குளித்ததே இல்லை. நைனார்பாளையம் பக்கத்துக் கூலிக்காரத் தெருவில் பெண்கள் எல்லாருக்கும் அதே பிழைப்புதான்: கோழி கூவுமுன் வைக்கோல் போருக்குப் பின்னால், கட்டிய சேலையோடு நாலு சொம்பு தண்ணீர். அதிலும் பாதி நேரம் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதிலேயே போய்விடும்.

ஒருமுறை வெள்ளிமலைக்குச் சாமை அறுக்கப் போனவள், ஓடையோரப் புதருக்குள் உச்சி வெயிலில் ஆற அமரக் குளித்தாள். அன்று பிடித்த பைத்தியம் ஊருக்கு வந்தும் விடவில்லை. செங்கல்லுக்கு வழியில்லை. நட்டால் முளைக்கிற குச்சிக்கா பஞ்சம்?

வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே நின்ற பூவரசை ஒரு மூலையாக வைத்துக்கொண்டாள். சுற்றிலும் கிளுவைக் குச்சிகளை நெருக்கி ஊன்றி, உள்வரிசையில் நொச்சி வைத்தாள். வீட்டைப் பார்த்த வாசலை நேரே விடாமல் நத்தைக் கூடுபோல வளைத்தாள். கதவே வேண்டாம், எட்டிப் பார்ப்பவனுக்கு இலைதான் தெரியும். காலடியில் பலகைக் கல். குளித்த தண்ணீர் கல்வாழைக்கும் சேம்புக்கும் ஓடியது. தெருவே சிரித்தது. மூன்று வருஷத்தில் செடி தலைக்கு மேல் வளர்ந்ததும், சிரித்தவர்களே சொம்போடு வந்து நின்றார்கள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. பஸ் நின்றது, சாலையோர மரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே விழுந்தன. மறியலை முன்னின்று நடத்திய மேலத்தெரு சின்னக்கண்ணு, ஒரு காலை வேளையில் கோடாலி ஆட்களோடு பூவரசுக்கு வந்தான். மரம் சாய்ந்தால் குளியலறை மொத்தமும் கூழாகிவிடும். பிள்ளை பெற்றுப் பதினைந்து நாளான மகள் நிர்மலா அப்போது உள்ளேதான் நொச்சி வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, பொண்ணு குளிக்கறா!” என்று அலறினாள் இருசம்மாள்.

அத்தனை பேரும் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு சாலைக்குப் போய்விட்டார்கள். அங்கேதான் அவள் புத்தி வேலை செய்தது. நிர்மலா வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ரங்கம்மாளை உள்ளே தள்ளினாள். அடுத்து தைலம்மாள். தண்ணீர்ச் சத்தம் ஓயவே இல்லை.

“இன்னாக்கா, உங்க தெருவுக்கு இன்னிக்கே தீபாவளியா?” என்றான் சின்னக்கண்ணு.

“புள்ள பெத்த வூடுப்பா. தீட்டு கழிக்க வேணாமா?” என்று கூசாமல் புளுகினாள்.

வெயில் ஏறியது. அவன் பொறுமையும் போனது. “உள்ள யாரா இருந்தாலும் வெளிய வரச் சொல்லு. இனிமே நிக்க மாட்டோம்!”

இருசம்மாள் மூன்று வருஷப் பாடு போச்சு என்றே நினைத்தாள்.

“நான்தான்யா உள்ள இருக்கேன்! வெட்டு, பாக்கலாம்,” என்று பச்சைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மறியல்காரர்களுக்குக் கூழ் கொண்டுவந்த காசியம்மாள், சின்னக்கண்ணுவின் மனைவி. தைலம்மாள் வெளியே வந்தபோது அவளே வீட்டுப் பக்கமாக உள்ளே நுழைந்திருந்தாள்.

கோடாலிக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. “வெட்டுன மரமே போதும், வாங்கடா,” என்று சின்னக்கண்ணு திரும்பிப் பாராமல் நடந்தான்.

இருசம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். காசியம்மாள் வளைவைத் தாண்டித் தலை நீட்டினாள். சேலையில் ஒரு பொட்டு ஈரமில்லை. இவ்வளவு நேரமும் கல்லின்மேல்தான் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“யக்கா, இன்னும் ஒரு கொடம் தண்ணி கொடேன். நெசமாவே குளிச்சிட்டு வரேன். எனக்கு இன்னும் வைக்கப் போரு மறைவுதான்.”