ஒதுங்குங்க கண்ணு

கார் ரேஸ் கேமில் ஆர்.எஸ்.புரத்திலேயே என்னை ஜெயிக்க ஆளில்லை. சும்மா சொன்னேன், முதல் திருப்பத்திலேயே சுவரில் முட்டுகிறவன் நான்.

கேம் சென்டரில் பக்கத்து சீட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். ஊர் முழுக்க இஷ்டத்துக்குச் சுற்றுகிற கேம் அது. அவரோ ரேஸுக்கே போகாமல் மெதுவாக ஓட்டுவார். திரையில் ஆள் தெரிந்தால் ஹாரன் அடித்து, "ஒதுங்குங்க கண்ணு" என்பார்.

"ரோடும் மழையும் அசலாட்டவே இருக்குதுங்க. ஆனா இடிக்கப் போனா அத்தன பேரும் குதிச்சுத் தப்பிச்சுக்கறாங்க. அதுதானுங்க மோசம்" என்று மேதாவி மாதிரி சொன்னேன்.

"அதுக்குத்தானுங்க நான் தெனமும் வாரேன். காங்கேயம் ரோட்டுல நான் ஓட்டுன பஸ்ஸுக்கு முன்னால வந்த சின்னப் புள்ள இப்படிக் குதிச்சுத் தப்பிக்கலீங்க. ஹாரன் அடிச்சேனுங்க, பிரேக்கும்..."

"ஏனுங்க, உங்க டயம் முடிஞ்சுபோச்சுங்க" என்று கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

எழுந்தேன். பின்னால் மறுபடியும் ஹாரன் கேட்டது.